அளக்கப்படாத நாற்காலி



இந்த வாரம் என் வீட்டு வரவேற்பறையில் நடந்த ஒரு சிறு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஸ்பீக்கர்களைப் பற்றிய செய்தியாகவே அது தொடங்கும். பொறுமையோடு என்னுடன் வாருங்கள். உங்கள் வீட்டில் ஹோம் தியேட்டர் இருந்தால் அதற்கு இது உதவும். இல்லாவிட்டாலும் வேறொன்றுக்கு உதவக்கூடும்.

அப்பா மறைந்தபின் அம்மா நாகர்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கினார்கள். சனிக்கிழமை மாலைகளில் குடும்பமாய் அமர்ந்து ஒரு படம் பார்ப்பது எங்கள் வழக்கம். அதற்கென்று என் தங்கையின் மகன் ஒரு ரிசீவரையும், ஐந்து ஸ்பீக்கர்களையும், ஒரு சப்வூஃபரையும் வாங்கிப் பொருத்தித் தந்தான். எல்லாம் முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பினான், மின்விசிறியை நிறுத்தினான், ரிசீவரோடு வந்த சிறிய மைக்கை என் நாற்காலியில், காது உயரத்தில் நிறுத்தினான். ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறை வைத்து ஓசை எழுப்பிற்று. சில நிமிடங்களில் திரையில் எண்கள் தோன்றின. “மாமா, மெஷினே எல்லாத்தையும் அளந்துடுச்சு. இனி எதையும் தொடாதீங்க” என்று சொல்லிப் போனான். நானும் ஆறு மாதம் எதையும் தொடவில்லை.

அந்த ஆறு மாதத்தில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக எங்களைவிட்டு விலகிப் போனார்கள். படம் பாதி ஓடும்போதே, “உறக்கம் வருது மக்ளே” என்று எழுந்துவிடுவார்கள். அப்பாவின் நினைவு வாட்டுகிறது என்று எண்ணிக்கொண்டேன். கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதிலை அவர்கள் சொன்னபோது, “அம்மா, கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்களேன்” என்று இருமுறை கடிந்தும் இருக்கிறேன். அவர்களுக்குக் காது மந்தமாகி வருகிறது என்ற ஐயமே எனக்கு எழவில்லை. ஏனெனில் இரவு குடும்ப ஜெபத்தில் நான் வாசிக்கும் சங்கீதத்தை அவர்களும் கூடவே முணுமுணுப்பார்கள். பாட்டிலும் ஒரு சொல் பிசகாது.

சென்ற மாதம் ஒரு மாலையில் என் மகள், “பாட்டி, அந்த அக்கா ஏன் அழுதாங்க?” என்று கேட்டாள். அம்மா புன்னகைத்துத் தலையசைத்தார்கள். பிள்ளை விடவில்லை, மீண்டும் கேட்டாள். அப்பொழுது அம்மா என்னைப் பார்த்து, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல, “சத்தம் கேக்கு மக்ளே. என்ன சொல்லுதாங்கன்னுதான் விளங்கல்ல” என்றார்கள். உடனே ஒலியைக் கூட்டினேன். அம்மாவே காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்றிரவு எல்லாரும் உறங்கியபின் அதே காட்சியை மீண்டும் ஓடவிட்டு, அம்மாவின் நாற்காலியில் போய் அமர்ந்தேன். ஆறு மாதத்தில் அந்த நாற்காலியில் நான் அமர்ந்தது அதுவே முதல்முறை. பக்கச் சுவரில் தொங்கிய சரவுண்ட் ஸ்பீக்கர் என் காதிலிருந்து இரண்டடியில் இருந்தது. மழையும் வாத்திய இசையும் அதிலிருந்து நேரே காதுக்குள் கொட்டின. தலைக்குமேல் மின்விசிறி இரைந்தது. நடிகர்களின் பேச்சோ, அலமாரியின் உட்புறத்தில் தள்ளி வைக்கப்பட்டிருந்த சென்டர் ஸ்பீக்கரிலிருந்து, பக்கத்து வீட்டுப் பேச்சுபோல மங்கலாய் வந்தது. இளைய காதுள்ள எனக்கே பாதிதான் புரிந்தது.

ரிசீவர் தவறு செய்யவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். ஆடிசி, யமஹாவின் ஒய்பிஏஓ, பயனியரின் எம்சிஏசிசி என்று பெயர்கள் வேறுபட்டாலும், இந்தத் தானியங்கி அளவீடுகள் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொரு ஸ்பீக்கரும் மைக்கிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உரக்க ஒலிக்கிறது, எந்த அளவுக்குத் தாழ்ந்த ஒலியைத் தாங்கும், அறை எந்த ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது என்பவற்றை அறிந்து, எல்லா ஒலியும் மைக் இருக்கும் இடத்துக்கு ஒரே நேரத்தில், ஒரே அளவில் வந்து சேரும்படி அவை சரிசெய்கின்றன. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 3.4 மீட்டர் தூரத்துக்கு 10 மில்லிநொடி ஆகும். அந்த நுண்ணிய வேறுபாட்டையும் கருவி கணக்கிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் மைக் நின்ற இடத்துக்கு உரியது. அந்தச் சரவுண்ட் ஸ்பீக்கர் என் நாற்காலிக்கு 2.4 மீட்டர்; அம்மாவின் காதுக்கு 60 சென்டிமீட்டர். தூரம் பாதியாகும்தோறும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். நான்கில் ஒரு பங்கானால் 12 டெசிபல். மூடிய அறையில் இந்த வேறுபாடு சற்றுக் குறையும் என்றாலும், எனக்கு அளவாய் இருந்தது அவர்களுக்கு அடியாய் இருந்தது. மேலும் கருவி அளந்தது மின்விசிறி நின்ற வெற்று அறையை. நாங்கள் வாழ்வதோ மின்விசிறி சுழலும் அறையில்.

முதுமையில் பெரும்பாலும் முதலில் தேய்வது மெல்லிய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிரொலிகள் தாழ்ந்தவை, வலுவானவை, அவை கேட்கும். ‘ச’, ‘த’ போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் உயர்ந்தவை, மெலிந்தவை, அவை நழுவிவிடும். ‘காசு’ என்றதும் ‘காது’ என்றதும் ஒன்றுபோலத் தோன்றும். சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்று அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதனால்தான் ஒலியைக் கூட்டுவது மட்டும் பயன் தரவில்லை.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். முதலில் ரிசீவரில் பதிவாகியிருந்த எண்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். திரும்பிவர வழி இருக்கும். அடுத்து, எண்களைத் தொடுமுன் பொருள்களை நகர்த்தினேன். சென்டர் ஸ்பீக்கரை அலமாரியின் விளிம்புவரை முன்னே இழுத்து, முகப்பைக் காது உயரத்தை நோக்கிச் சற்றே நிமிர்த்தினேன். அம்மாவின் நாற்காலியைச் சுவரிலிருந்து மூன்றடி உள்ளே கொண்டுவந்தேன். அதன்பின் அளவீட்டை மீண்டும் நடத்தினேன். இந்தமுறை மைக்கை அம்மாவின் நாற்காலியிலும், மற்றவர்கள் அமரும் இடங்களிலும் மாற்றி மாற்றி வைத்தேன். என்னுடையதைப் போன்ற பல ரிசீவர்களில் முதலில் வைக்கும் இடமே தூரத்தையும் ஒலியளவையும் தீர்மானிக்கும். ஆகவே முதலிடம் அம்மாவின் நாற்காலிக்கு.

அளவீடு முடிந்தபின் சிலவற்றைக் கையால் திருத்தினேன். முன்பக்க ஸ்பீக்கர்களைக் கருவி ‘லார்ஜ்’ எனக் குறித்திருந்தது. அதை ‘ஸ்மால்’ என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பினேன். ஸ்மால் என்பது தாழ்வான பெயரன்று. தாழ்ந்த ஒலியின் சுமை நீங்கியதும் மற்ற ஸ்பீக்கர்கள் தெளிவடைகின்றன. சப்வூஃபர் உண்மையான தூரத்தைவிட அதிகத் தூரத்தில் இருப்பதாகத் திரை காட்டிற்று. அதைத் தொடவில்லை. அதனுள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துவதால் கருவி அப்படிக் கணக்கிடுகிறது. படத்தில் உரையாடலின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரிலிருந்தே வருவதால், அதை மட்டும் 3 டெசிபல் உயர்த்தினேன். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் இரவு நேர அமைப்பை இயக்கினேன். மின்விசிறியை ஒரு படி குறைத்தேன்.

இவ்வளவும் செய்தபின் அம்மாவை அமர்த்தி, “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “கொள்ளாம்” என்றார்கள். அந்தச் சொல்லை நான் நம்பவில்லை. என் மனம் நோகக்கூடாதென்று ஆறு மாதம் தலையசைத்தவர்கள் அல்லவா? ஆகவே காட்சியை நிறுத்தி, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். சொன்னார்கள். இன்னொன்றைக் கேட்டேன், பாதி சொன்னார்கள். ஸ்பீக்கரால் செய்யக்கூடியது அவ்வளவே என்று அப்பொழுது விளங்கிற்று. மறுவாரம் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். செவித்திறன் பரிசோதனை நடந்தது. இரு காதுகளுக்கும் கருவி வேண்டும் என்றார்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், “ராத்திரி நான் வாசிக்கிறது உங்களுக்குக் கேட்டுச்சாம்மா?” என்று கேட்டேன். “இல்ல மக்ளே. உன் உதட்டப் பாத்து எந்தச் சங்கீதம்னு பிடிச்சிக்குவேன். பொறவு மனப்பாடம்தானே” என்றார்கள். வீடு வரும்வரை என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. ஒரே அறையில், ஒரே வேளையில் அமர்ந்து வாசித்தேன். அவர்கள் கூடவே சொன்னதால் கேட்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். கவனித்துக் கேட்கும்படி அவர்களைக் கடிந்தவனும் நானே.

அன்பானவர்களே, அந்தக் கருவி நாம் மைக்கை வைத்த இடத்துக்கு உண்மையாய் இருந்தது. மைக்கை எங்கே வைப்பது என்பது நம் கையில் இருந்தது. நம் வீட்டின் ஒழுங்குகள் பலவும் அவ்விதமே என்று இப்பொழுது நினைக்கிறேன்: உணவு வேளை, விளக்கின் வெளிச்சம், பேச்சின் வேகம். நமக்குச் சரியாய் இருப்பதால் எல்லாருக்கும் சரியாய் இருக்கிறதென்று எண்ணிக்கொள்கிறோம். ஓரத்தில் இருப்பவர்கள் முறையிடுவதில்லை. உறக்கம் வருகிறது என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள்.

இந்த வாரம் ஒரு மாலை, உங்கள் வீட்டில் அடிக்கடி எழுந்துபோகிறவர் யார் என்று பாருங்கள். அவர் இல்லாத வேளையில் அவருடைய இடத்தில் கால்மணி நேரம் அமருங்கள். பிறகு, “எல்லாம் சரிதானே?” என்று கேட்காதீர்கள், சரிதான் என்றே சொல்வார்கள். என்ன கேட்டது, என்ன தெரிந்தது என்று கேளுங்கள்.

சென்ற சனிக்கிழமை அம்மா படம் முடியும்வரை இருந்தார்கள். நடுவே என் மகளிடம் குனிந்து ஏதோ கேட்டார்கள்; இருவரும் சிரித்தார்கள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது என் நாற்காலிக்குக் கேட்கவில்லை.