அப்பத்தாவின் ரங்கூன் ரசீது

"நீ பத்திரிகையிலதானே வேலை பார்க்குற? இதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?"

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பத்தா ஒரு காகிதத்தை நீட்டிக் கேட்டார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டிய பர்மிய ரசீது.

அப்பத்தா பிறந்தது ரங்கூனில். அவருடைய அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு மளிகைக்கடை. 1962-ல் நெ வின் தலைமையில் ராணுவ ஆட்சி வந்தது. 1963-ல் வங்கிகளும், 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளும் அரசுடைமையாகின. அதே ஆண்டு மே 17-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள்.

மூத்த மகள் கல்யாணத்துக்காகக் கொள்ளுத்தாத்தா சேர்த்து வைத்திருந்தது முழுக்க நூறு கியாட் நோட்டுகள். வரிசையில் நின்று ஒப்படைத்தார். கைக்கு வந்தது இந்த ரசீது மட்டும்தான். அந்த வருடமே குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பலேறினார்.

அப்படித் திரும்பிய இந்தியர்கள் லட்சக்கணக்கில். சென்னை பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைகளால் உருவானதுதான்.

எனக்குத் தெரிந்த வக்கீலிடம் ரசீதைக் காட்டினேன். "வெளிநாட்டு அரசு மேல இங்கே வழக்குப் போடணும்னா, சிவில் நடைமுறைச் சட்டம் 86-வது பிரிவுப்படி மத்திய அரசோட அனுமதி வேணும். தனி ஆள் கேட்டு ஆகாது தம்பி. நமக்காக நம்ம அரசாங்கம்தான் கேட்கணும்" என்றார்.

அப்படிக் கேட்டுக் கிடைத்தும் இருக்கிறது. 1990-ல் குவைத்தை இராக் ஆக்கிரமித்தபோது பணத்தையும் வேலையையும் இழந்து திரும்பிய இந்தியர்களுக்கு, ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் மூலம் பணம் வந்தது. மனுக்களைத் திரட்டி அனுப்பியது நம் அரசு. பணம் இராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பிடிக்கப்பட்டது. பர்மாவில் இழந்தவர்களுக்கு அப்படியோர் ஆணையம் அமையவில்லை.

இருந்தாலும் மனு எழுதிப் போட்டேன். மூன்று மாதம் கழித்து பதில் வந்தது: 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.' அவ்வளவுதான்.

தயங்கித் தயங்கி அப்பத்தாவுக்கு போன் செய்தேன்.

"பணம் வந்து இந்த வயசுல நான் என்னடா பண்ணப் போறேன்? 'இத்தனை வருஷம் பர்மாவுல இருந்துட்டு வெறுங்கையோட வந்துட்டான்'னு ஊரே எங்கப்பாவைப் பேசுச்சு. சாகுற வரைக்கும் அதைக் கேட்டுக்கிட்டே இருந்தார். அவர் சம்பாதிச்சார், அவங்க எடுத்துக்கிட்டாங்கன்னு யாராவது ஒருத்தர் எழுத்துல சொன்னா போதும்."

அப்பத்தாவுக்கு பர்மிய எழுத்து இன்னும் மறக்கவில்லை. ரசீதில் உள்ள தொகையை அவரே படித்துச் சொன்னார். 4,300 கியாட்.

எழுதிவிட்டேன், அப்பத்தா.