சத்தம் வெளியே, புகை உள்ளே!

ஃப்ரெண்ட்ஸ், உங்க வீட்டு காருக்கு அடியில என்னிக்காவது குனிஞ்சு பாத்திருக்கீங்களா? நானும் பாத்ததில்லை. பாக்காமலேயே அதுல கை வெச்ச கதைதான் இது.

2008-ல் நான் இன்ஜினீயரிங் செகண்ட் இயர். அதுவும் மெக்கானிக்கல், கேக்கவா வேணும்! பரமத்தி வேலூர்ல எங்க வீட்டுல ஒரு வெள்ளை மாருதி 800 நின்னுச்சு. 2003 மாடல். வெற்றிலைக் கொடிக்கால் வருமானத்துல அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. 796 சிசி, மூணு சிலிண்டர். தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம். ஹாஸ்டல் பசங்க சிரிச்சாங்க. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

இதே 796 சிசி எஞ்சினை வெச்சுத்தான் கோவை கரிவரதன் 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார் கட்டினார்னு படிச்சிருந்தேன். அப்ப நம்ம வண்டியும் ரேஸ் கார்தானே? (ரேஸ் கார்ல எஞ்சின் டிரைவருக்குப் பின்னாடி இருக்கும், புகைக் குழாய் குட்டியா முடிஞ்சிடும், நம்ம வண்டியில எஞ்சின் முன்னாடி, குழாய் குடும்பத்துக்கு அடியில போகுதுங்கற சின்ன வித்தியாசம் மண்டையில ஏறலை.) வெளியூர்ல ஒரு கடையில கொண்டுபோய் விட்டேன். ரெண்டரை இஞ்ச் பைப், டிரம் மாதிரி ஒரு சைலன்சர். நடுவுல இருந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை "அடைப்பு"ன்னு சொல்லி அறுத்துட்டாங்க. நானும் தலையாட்டினேன். சத்தம்? சும்மா அதிருச்சு! அப்பா மட்டும், "ஏண்டா, டிராக்டர் எங்க வாங்கினே?"ன்னு கேட்டார்.

ஒரு மாசம் கழிச்சு அம்மாயியைக் கூட்டிக்கிட்டு திருச்செங்கோட்டு மலைக்குக் கிளம்பினோம். லேசா தூறல், கண்ணாடியெல்லாம் ஏத்தியாச்சு. மலைப்பாதையில முதல் அதிர்ச்சி. முன்னாடி செகண்ட் கியர்ல ஏறின வளைவுல வண்டி திணறுது, ஃபர்ஸ்ட் கியர் போட்டாத்தான் நகருது. சத்தம் மட்டும் மலையையே உருட்டுது. ரெண்டாவது அதிர்ச்சி மேல போய் இறங்கினப்ப. அம்மாயி படியிலயே உக்காந்துட்டாங்க. "தலையெல்லாம் கிண்ணுனு இருக்குது கண்ணு, வவுத்தைப் பொரட்டுது"ன்னாங்க. விரதம், வெறும் வயிறு, வளைவுன்னு ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மலைக்காத்துல அரை மணி நேரம் இருந்ததும் சரியாயிட்டாங்க. திரும்பி வர்ற வழியில மறுபடியும் அதே தலைவலி. இந்தத் தடவை பின்சீட்டுல கூட இருந்த தங்கச்சிக்கும்! முன்சீட்டுல இருந்த எனக்கும் அப்பாவுக்கும் ஒண்ணும் இல்லை.

வேலூர் டாக்டர் பி.பி. பாத்துட்டு ஒரே கேள்வி கேட்டார்: "வண்டியில கண்ணாடி ஏத்தியிருந்துச்சா?" எனக்கு வயித்துக்குள்ள என்னமோ நழுவுச்சு.

மறுநாள் பைபாஸ் பக்கம், லாரி சைலன்சர் அடிக்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். நாமக்கல் சுத்துவட்டாரத்துல லாரிக்காரங்களுக்கு வேலை பாத்துப் பாத்தே பழுத்த கை அவருது. ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கந்தத் துணியைச் சுருட்டி சைலன்சர் வாயில ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடிச்சார். வண்டிக்கு நடுவுல 'புஸ்ஸ்'ஸுன்னு சத்தம். சோப்புத் தண்ணி ஊத்தினா வெல்டிங்ல குமிழ் குமிழா வருது. "தம்பி, சத்தம் எப்படி வருதுன்னு பாத்தீங்க. புகை எங்க போகுதுன்னு பாக்கலீங்களே"ன்னார்.

என்ன நடந்திருக்குன்னா, கம்பெனிக் குழாய் பின் ஆக்சிலுக்கு இடம் விட்டு வளைஞ்சு பம்பரைத் தாண்டித்தான் முடியும். தடி பைப்பை அப்படி வளைக்க முடியாம பின்சீட்டுக்கு அடியிலேயே முடிச்சுட்டாங்க. போதாததுக்கு, தாழ்வா தொங்கின பைப் ஏதோ ஒரு வேகத்தடையில மோதி வெல்டிங் விட்டிருக்கு. அதுல ரப்பர் ஹேங்கர் ஒண்ணுகூட இல்லை, எல்லாம் நேரடி வெல்டிங். மூணு மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி சூடு ஏறினா ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளும். எஞ்சினும் ஆடும். இறுக்கிக் கட்டினா எங்கயாவது விட்டுத்தானே ஆகணும்?

ஓடற காருக்குப் பின்னாடி காத்தழுத்தம் குறைவு. அடியில வழியற புகை அங்கயே சுழன்று, டிக்கி கதவோட ரப்பர் கிழிஞ்ச இடம் வழியா உள்ள ஏறிடும். அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். அதைப் பெருமளவு கார்பன் டை ஆக்சைடா மாத்தற வேலையைத்தான் நான் "அடைப்பு"ன்னு அறுத்த அந்த டப்பா பாத்துக்கிட்டு இருந்துச்சு!

"சரிங்ணா, பைப் பெருசானா வண்டி நல்லா இழுக்கணும்ல, ஏன் திணறுச்சு?"ன்னு கேட்டேன். பட்டறைக்கு முன்னாடி ஓடற வாய்க்காலைக் காட்டினார். "இதே தண்ணியை ரெண்டு மடங்கு அகலத்துல விட்டா ஓடுமா, தேங்குமா?"

காலேஜ்ல படிச்சது அப்பத்தான் புரிஞ்சுது. குழாயோட விட்டம் ரெண்டு மடங்கு ஆனா, பரப்பு நாலு மடங்கு. புகையோட வேகம் கால்வாசி. 3000 ஆர்.பி.எம்.ல நம்ம மூணு சிலிண்டரும் சேர்ந்து செகண்டுக்கு 75 தடவை புகையைத் தள்ளும். ஒவ்வொண்ணும் ஒரு அழுத்த அலை. அது குழாய் விரியற இடத்துல பட்டு, உறிஞ்சற அலையா திரும்பி வரும். வால்வு மூடறதுக்குள்ள வந்து சேர்ந்தா மிச்சப் புகையையும் இழுத்துக்கிட்டுப் போகும். எந்த வேகத்துல சரியா வந்து சேரும்ங்கறதைக் குழாயோட நீளம்தான் முடிவு பண்ணும். நீளமா, மெல்லிசா இருந்தா கீழ் வேகத்துல இழுவை. குட்டையா, தடியா இருந்தா 6000-க்கு மேல குஷி. வேலூர் சந்தைத் தெருவுல 6000-க்கு எங்க போறது? "எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேணும்"னு நிறையப் பேர் சொல்வாங்க. எஞ்சினுக்கு வேணுங்கறது அது இல்லை, புகையோட வேகம்.

தடி பைப்பைக் கழட்டி, பழைய அளவுலயே வளைச்சு, பம்பருக்கு வெளிய நாலு விரக்கடை நீட்டி, ரப்பர் ஹேங்கர்ல தொங்க விட்டார். கன்வெர்ட்டரும் டிக்கி ரப்பரும் புதுசு. நான் சேத்து வெச்சிருந்த பணம் மொத்தமும் காலி. (2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் சத்தம், புகை விதியை மீறினா 10,000 ரூபா வரைக்கும் அபராதம், மூணு மாசம் லைசென்ஸ் கட்! ஏதோ அன்னிக்கு நான் தப்பிச்சேன்.)

அம்மாயிக்கு இதுவரைக்கும் நிஜக் காரணத்தை யாரும் சொல்லலை. ஆனா இப்பவும் யார் கார்ல ஏறினாலும், மழையே பெய்ஞ்சாலும், மொதல்ல கண்ணாடியை நாலு விரல் இறக்கி விட்டுட்டுத்தான் சீட்டுல சாயறாங்க. தலை நனையுதேன்னு ஏத்தப் போனா கையைத் தட்டி விடுவாங்க. நானும் ஏத்தறதில்லை.