விஜயதசமியும் மகளுக்கு வாங்கிய வில்லும்

உலு திராமில் விஜயதசமி அன்னைக்கு அம்பாள் அம்பு போட்டதைப் பார்த்துட்டு, "நானும் வில் கத்துக்கிறேன்ப்பா"ன்னா எங்க மகள்.

ஒரே தடவையா வாங்கிடலாம்னு நாங்க 50 பவுண்டு காம்பவுண்டு வில்லை எடுக்கப் போனோம். அவளால பாதிகூட இழுக்க முடியல. கண் கலங்கி, "எனக்கு இது வேணாம்ப்பா"ன்னு வச்சிட்டா.

பயிற்சியாளர்தான் எங்களைத் திருத்தினார். 25, 30 பவுண்டுல ஆரம்பிக்கணும். பழகப் பழக ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டிக்கலாம். ரெண்டு கையும் விரிச்ச அகலத்தை 2.5-ஆல் வகுத்தா இழுக்கும் நீளம் சுமாரா கிடைக்கும். முழுசா இழுத்ததும் சக்கரம் முக்கால்வாசி பாரத்தை வாங்கிக்கும். அம்பு இல்லாம நாணை விடவே கூடாது.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜோதி சுரேகா 3 தங்கம் வாங்கினதும் காம்பவுண்டு வில்லில்தான்.

இப்ப மகள் சிரிச்சுக்கிட்டே இழுக்கிறா. பிள்ளைங்க தாங்குற பாரத்தைக் கொடுப்போம். மத்ததை அம்பாள் பார்த்துக்குவா.