பாட்டியின் பச்சிலையும் மமாலா மரமும்

பிள்ளைப் பருவத்தில் நான் மஞ்சட் காமாலையாற் படுத்திருந்தபோது, தோட்டத்து லயத்தின் பின்புறம் முளைத்திருந்த கீழாநெல்லியைப் பாட்டியார் வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரிற் கலந்து கொடுத்தார். நாலெழுத்துப் படித்தபின், அதனை மூடவழக்கமென்று அவர் முகத்தெதிரே நகைத்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவின் செய்தியொன்றைப் படித்த அன்று அந்த மௌனம் என் நெஞ்சை உறுத்தியது.

சமோவாவில் பச்சிலை வைத்தியம் பெரும்பாலும் பெண்டிர் கையில் உள்ளது. தாய் மகளுக்கு வாய்மொழியாகக் கற்பிக்கும் கலை அது. காமாலை கண்டோர்க்கு ‘மமாலா’ என்னும் சிறு மரத்தின் பட்டையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கக் கொடுப்பர். 1984ஆம் ஆண்டில் மூலிகை ஆராய்ச்சிக்காக அங்குச் சென்ற அமெரிக்கத் தாவர அறிஞர் பால் ஆலன் காக்ஸ், இம்மருத்துவச்சியரிடம் கேட்டறிந்தார். அவர் வழியாக அம்மரம் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் சோதனைக்குச் சென்றது. அதினின்று பிரித்த ‘புராஸ்ட்ராடின்’ என்னும் பொருளுக்கு எய்ட்ஸ் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் உண்டென்பது 1992இல் வெளியாயிற்று. உயிரணுக்களுள் உறங்கிக் கிடக்கும் கிருமியை அது எழுப்பி வெளிப்படுத்துகிறது. வெளிப்பட்டதை வேறு மருந்துகள் தாக்கலாம் என்பது அறிஞர் எண்ணம். நோயாளர்க்குரிய மருந்தாக அது இன்னும் அங்கீகாரம் பெறவில்லை.

நண்பர்களே! அம்மருத்துவச்சியர் அறிந்த நோய் காமாலையே, எய்ட்ஸ் அன்று. ஆயினும் அவர்கள் சுட்டிக் காட்டாவிடின், அடர்ந்த காட்டில் அச்சிறு மரத்தை எவர் பொருட்படுத்தியிருப்பர்?

அக்காடும் அழிய இருந்தது. ஃபாலேஆலுபோ ஊரார் பள்ளிக்கூடம் கட்டப் பணமின்றி, 1988இல் அதனை மரம் வெட்டுவோர்க்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. காக்ஸ் பொருள் திரட்டி உதவ, 30,000 ஏக்கர் காட்டைக் காப்பதென 1989இல் உடன்படிக்கை ஏற்பட்டது. பின்னர் 2004இல், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், மமாலாவின் மரபணு ஆராய்ச்சியால் வருவாய் கிடைப்பின் அதிற் பாதி சமோவாவுக்குரியதென ஒப்புக்கொண்டது. ஊர்களுக்கும் மருத்துவச்சியர் குடும்பங்களுக்கும் அதிற் பங்குண்டு.

முதியோர் சொன்ன யாவும் மெய்யென்று யான் வாதிக்க வரவில்லை. சோதித்துத் தள்ளுவது அறிவு. கேளாமலே தள்ளுவது செருக்கு. யான் செய்தது பின்னதே. பாட்டியார் இன்றில்லை. அவர் அறிந்திருந்த மற்றைப் பச்சிலைகளுள் எது பயன்தரும், எது தீங்கு செய்யும் என்று சோதிக்கவும் இனி வழியில்லை. வீட்டில் முதியோரை உடைய இளைஞர்கள் இன்றே ஏடும் பேனாவும் எடுத்து அவர்களருகில் அமர்வார்களாக!