ஏட்டிலிருந்து நீங்கிய வெற்றிகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நமக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தியே ஓடுவார்கள். இந்தியானா மாநிலத்தின் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியே நாம் விரும்பும் அணி. அது கத்தோலிக்கக் கல்விக்கூடம் என்பது நமக்குத் தடையாகவில்லை.

2012ஆம் ஆண்டுப் பருவத்தின் 12 ஆட்டங்களிலும் அவ்வணி வென்றது. இறுதிப் பட்டப் போட்டியில் அலபாமாவிடம் 42–14 என வீழ்ந்தது. வீரர்கள் படிப்பை முடித்துப் பட்டம் பெறும் விழுக்காட்டிலும் அன்று அந்த அணிக்கே முதலிடம். ஓதிக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது வெற்றிகளினும் இனித்தது.

பின்னரே, சில வீரர்களின் பாடப்பணிகளில் மாணவ உதவியாளர் ஒருவர் முறைகேடாகக் கைகொடுத்தது வெளிப்பட்டது. பல்கலைக்கழகமே அதை விசாரித்தது. ஆயினும் 2016இல், கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2012, 2013 ஆகிய இரு பருவங்களின் 21 வெற்றிகளையும் ஏட்டிலிருந்து நீக்குமாறு தீர்ப்பளித்தது. மேல்முறையீடும் 2018இல் தள்ளுபடியாயிற்று.

ரசிகராக நமக்கு வலித்தது. ஆசிரியராக நாம் தீர்ப்பின் பக்கமே. பிறர் எழுதிய வீட்டுப்பாடத்தைக் கொண்டுவரும் பிள்ளையை, அவனது ஓதல் அழகு என்பதற்காக நாம் விட்டுவிடுவதில்லை. ஆனால் தாமே எழுதித் தேறிய மற்ற வீரர்களின் வெற்றியும் அதனோடு போயிற்றே! அதில் மட்டும் நம் மனம் இன்னும் ஆறவில்லை.