விடுபட்ட நாலு நிமிஷம்

2020 நவம்பர். கோவிட் வார்டில் நைட் டியூட்டி. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பிபிஇ கிட்டைக் கழட்டிப் போட்டுட்டு, டியூட்டி டாக்டர் ரூமில் ஆறிப்போன டீயைக் குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் அதிர்ந்தது. வேற மாவட்டத்தில் இதே மாதிரி நைட் டியூட்டியில் இருந்த என் பேட்ச்மேட். அந்தக் காலத்தில் அவன்கிட்ட இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ் வந்தா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு, பெட் காலியா இருக்கான்னு கேட்பான். இல்லைன்னா நமக்குத் தெரிஞ்ச யாரோ அட்மிட் ஆயிருப்பாங்க.

பதறிப்போய்த் திறந்தா,

"மச்சான், இன்டர்ஸ்டெல்லர் எக்ஸ்பாண்டட் எடிஷன் வந்துருச்சுடா!"

கூடவே ஒரு லிங்க்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. "பாட்டே இல்லாத படம். அதுக்கு ரெண்டாவது தடவை பாட்டு கேசட்டா? போய்த் தூங்குடா"ன்னு கொஞ்சம் நாகரிகமா அனுப்பினேன். பதிலுக்கு ஆறு நிமிஷம் வாய்ஸ் நோட் வந்தது. அதுல பாதி என்னைத் திட்டினது. மீதிப் பாதியில இருந்த விஷயத்தைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப் போறேன். ஏன் சொல்றேன்னு கடைசியில புரியும், கொஞ்சம் பொறுமையா வாங்க.

நமக்கு ஆல்பம்னா பாட்டு. ஹாலிவுட்டில் பெரும்பாலும் பின்னணி இசைதான் ஆல்பம். படம் முழுக்க ஓடுற இசையில எது உள்ளே வரணும், எதை வெட்டணும், எந்த வரிசையில வைக்கணும்னு வழக்கமா இசையமைப்பாளரும் தயாரிப்பாளரும் முடிவு செய்வாங்க. எல்பி ரெக்கார்டு காலத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் இடம். அப்புறம் சிடி வந்து இடம் பெருகினாலும், அமெரிக்காவில் படத்துக்கு வாசிச்ச இசையை ஆல்பமா போட்டா வாசிச்சவங்களுக்குத் தனியா பணம் கொடுக்கணும்னு யூனியன் ஒப்பந்தம். நிமிஷம் கூடினா செலவும் கூடும். அதனாலேயே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அரை மணி நேர சிடிக்கள் நிறைய வந்தன. ரசிகர்கள் அதை இன்னைக்கும் திட்டுறாங்க.

இன்னொரு காரணமும் உண்டு. இசையமைப்பாளருக்கே அவர் இசை தியேட்டரில் ஒரு மாதிரியும் வீட்டில் வேற மாதிரியும் கேட்கணும்னு தோணலாம். 1975ல் வந்த 'ஜாஸ்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் ஆல்பத்துக்குன்னே தனியா மறுபடி வாசிக்க வெச்சார். தியேட்டரில் ஜனங்களைப் பயமுறுத்தின அசல் பதிவு சிடியா வந்தது 2000ல். இருபத்தைஞ்சு வருஷம்! இடைப்பட்ட காலத்தில் பிறந்து, எம்பிபிஎஸ் முடிச்சு, ஹவுஸ் சர்ஜன் ஆகிடலாம்.

இப்போ இன்டர்ஸ்டெல்லருக்கு வர்றேன்.

படம் தொடங்குறதுக்கு முன்னாடி நோலன், ஹான்ஸ் ஜிம்மருக்கு ஒரே ஒரு பக்கம் டைப் பண்ணிக் கொடுத்தார். விண்வெளி, கருந்துளை எதுவும் அதுல இல்லை. அப்பாவா இருக்கிறது எப்படிப்பட்ட விஷயம்னு மட்டும். ஒரு நாள்ல என்ன தோணுதோ அதை வாசிச்சுக் காட்டுன்னு கேட்டார். அந்த ஒரு நாள்ல பிறந்த சின்ன மெட்டுதான் படத்தோட உயிர். கேட்டு முடிச்ச பிறகுதான் இது விண்வெளிப் படம்னே நோலன் சொன்னாராம். அந்த முதல் நாள் வாசிப்பு 'டே ஒன்'ங்கிற பேரில் விரிவான பதிப்புகளில் டெமோவா இருக்கு. என் நண்பன் அதைத்தான் முதல்ல கேட்கச் சொன்னான். நான் கேட்கலை.

அப்புறம் அந்த ஆர்கன். லண்டன் டெம்பிள் சர்ச்சில் இருக்கிற 1926ம் வருஷத்து பைப் ஆர்கன். வாசிச்சவர் அப்போ அந்த சர்ச்சின் ஆர்கனிஸ்டா இருந்த ரோஜர் சேயர். ஆர்கன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. காற்றைச் சேர்த்து வெச்சு, குழாய் குழாயா அனுப்பி ஒலி எழுப்புற மெஷின். காற்று நின்னா சத்தமும் நின்னுடும். வென்டிலேட்டர் பக்கத்தில் நின்னு பழகினவனுக்கு அதைக் கேட்கும்போது கண்ணு தானா மானிட்டரைத் தேடும்.

சரி, ரசிகர்களுக்கு என்ன குறை? படத்தின் பிற்பகுதியில் ஒரு காட்சி. டாக்டர் மேன் (வில்லத்தனம் பண்றதுக்கும் நம்ம ஆளுதான் கிடைச்சான்) செய்ற கூத்தில் விண்கலம் சேதமாகித் தறிகெட்டுச் சுத்தும். கூப்பர் தன் சின்னக் கலத்தையும் அதே வேகத்தில் சுத்தவிட்டு அதோட போய் இணைப்பார். பார்த்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. அந்தக் காட்சியில் ஆர்கன் தியேட்டர் சுவரையே உலுக்கும்.

2014ல் வந்த 16 டிராக் ஆல்பத்தில் அந்த இசை இல்லை.

அரை மணி நேர சிடி இல்லைங்க இது. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுது. அமைதியான பகுதிகளெல்லாம் இருக்கு. அதை மட்டும் காணோம். உலகம் பூரா ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க. படத்தில் இருந்து அந்தக் காட்சியை வெட்டி, வசனத்தோடயும் இன்ஜின் இரைச்சலோடயும் போனில் வெச்சுக் கேட்டாங்க. டிவிடியில இருந்து பிஜிஎம்மை வெட்டி, வசனமும் சேர்ந்து வர்ற ரிங்டோனா வெச்சிருந்த தலைமுறைதானே நாம, நமக்கு இது புரியும். பின்னாடி வந்த பதிப்புகளில்தான் அந்த நாலு நிமிஷம் 'நோ டைம் ஃபார் காஷன்'ங்கிற பேரில் சேர்ந்தது. எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்த எக்ஸ்பாண்டட் எடிஷன் 2020 நவம்பரில். அதுதான் ராத்திரி ரெண்டு மணிக்கு என் போனுக்கு வந்தது.

இதுல எனக்குப் பிடிச்சது, வந்த பிறகு ரசிகர்கள் நடந்துக்கிட்ட விதம். கேட்டது கிடைச்சா சந்தோஷப்பட்டுட்டுப் போயிடுவாங்கன்னுதானே நினைப்போம்? ஒரு கூட்டம் நிஜமாவே அழுதது. இன்னொரு கூட்டம் படத்தையும் ஆல்பத்தையும் பக்கத்துல பக்கத்துல ஓடவிட்டு, தியேட்டரில் கேட்டது இது இல்லை, ஆர்கன் அழுத்தம் வேற மாதிரி இருந்ததுன்னு கிளம்பிடுச்சு. மூணாவது கட்சி பழைய 16தான் ஆல்பம், மத்ததெல்லாம் ஒட்டு வேலைன்னு சொன்னது. அதுலயும் நியாயம் இருக்கு. முழுசா ஒரே மூச்சில் கேட்டா நடுவில் சலிப்புத் தட்டத்தான் செய்யுது. சுத்திச் சுத்தி அதே மெட்டு. ஆனா சலிப்புத் தட்டுதுன்னு சொன்னவங்களும் அதைத் திருப்பிக் கொடுக்கத் தயாரா இல்லை.

இன்னும் சிலர் இருக்காங்க. தண்ணி கிரகத்துக் காட்சியில் வர்ற டிக் டிக் சத்தத்தை வாட்ச் வெச்சு அளந்தவங்க. 1.25 நொடிக்கு ஒரு டிக், ஒவ்வொரு டிக்கும் பூமியில் ஒரு நாள்னு சொல்றாங்க. அங்கே ஒரு மணி நேரம்னா இங்கே ஏழு வருஷம், சுமார் 2557 நாள். 3600 நொடியை அதால வகுத்தா எனக்கு 1.4 வருது. நண்பன்கிட்ட சொன்னேன். ரெண்டு நாள் பேசலை. (1.25 நொடிக்கு ஒண்ணுன்னா நிமிஷத்துக்கு 48. அந்த பல்ஸோட யாராவது ஓபிக்கு வந்தா ஈசிஜி எடுப்பேன்.)

வெட்டிப் பசங்கன்னுதான் நினைச்சேன். உண்மையிலேயே. பதிவை இங்கேயே முடிச்சிருந்தா ஒரு நல்ல கிண்டல் பதிவா போயிருக்கும்.

2021 மே. ரெண்டாவது அலை. ஒருத்தர் எங்க வார்டில் பதினோரு நாள் இருந்தார். வயசு ஐம்பத்தஞ்சு பக்கம். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். பதினோராவது நாள் இறந்துட்டார். டெத் சம்மரி நான்தான் எழுதினேன். பதினாலு வரி. எந்தத் தேதி அட்மிஷன், சிடியில் எவ்வளவு பாதிப்பு, என்னென்ன மருந்து, எப்போ இன்டுபேஷன், எப்போ இறப்பு. அந்த வாரம் அப்படி எத்தனை எழுதினேன்னு கணக்கில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவர் மனைவி வந்தாங்க. நிவாரணம் 50,000 ரூபாய்க்கான பேப்பரில் ஏதோ கையெழுத்து. போட்டுக் கொடுத்தேன். எழுந்திருக்கலை. பையில் இருந்து அந்த சம்மரியை எடுத்தாங்க. நாலா மடிச்சு, மடிப்பில் கிழிஞ்சிருந்தது.

"இங்கிலீஷ்ல இருக்கு தம்பி. படிச்சுச் சொல்லுங்க."

தமிழில் சொன்னேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகலை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்மா."

"பதினோரு நாள் இருந்தாரே தம்பி."

கோபமா கேட்கலை. கணக்கு உதைக்குதேங்கிற மாதிரி கேட்டாங்க. நாலாவது நாள் வீடியோ காலில் பார்த்தது. அதுக்கப்புறம் தினமும் போனில் "அப்படியேதான் இருக்கார்"ங்கிற ஒரு வரி. பிறகு பேக் பண்ணின உடம்பு, தூரத்தில் இருந்து. நடுவில் ஏழு நாள் அவங்களுக்கு வெறும் இருட்டு.

எனக்கு அந்த நேரத்தில் ஏன் என் நண்பனோட வாய்ஸ் நோட் ஞாபகம் வந்ததுன்னு தெரியலை. ரெக்கார்டு செக்‌ஷனுக்கு ஆள் அனுப்பி கேஸ் ஷீட்டை எடுத்துட்டு வரச் சொன்னேன்.

டாக்டர்கள் எழுதினதில் பெருசா ஒண்ணும் இல்லை. எல்லாம் நம்பர். சிஸ்டர்கள் எழுதினதில்தான் ஆள் இருந்தார். அஞ்சாம் நாள் காலையில் கஞ்சி நாலு ஸ்பூன். ஆறாம் நாள் குப்புறப் படுக்க மறுத்தார், பேசிப் புரிய வெச்ச பிறகு ஒத்துக்கிட்டார். ஏழாம் நாள் ராத்திரி தூங்கலை, மணி என்னன்னு திரும்பத் திரும்பக் கேட்டார்.

"கஞ்சியா? அவர் கஞ்சி தொடவே மாட்டாரே. வேற யாருக்கோ எழுதினதா இருக்கும்."

பெட் நம்பரைக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தாங்க.

"உப்பு போட்டுக் குடுத்தாங்களா?"

அது எந்த கேஸ் ஷீட்டிலும் இருக்காது. தெரியலைம்மான்னு சொன்னேன்.

எட்டாம் நாள் படிச்சேன். ஒன்பதாம் நாள் பக்கத்தைத் திருப்பினப்போ கை நின்னுடுச்சு. அன்னைக்கு ராத்திரி டியூட்டி நான். பதினொன்றரை மணிக்கு அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, காதுகிட்ட கையை வெச்சு போன் மாதிரி காட்டினார். வீட்டுக்குப் பேசணும். மாஸ்க்கை எடுத்தா சாச்சுரேஷன் இறங்கும். வார்டு போன் சார்ஜில் கிடந்தது. பக்கத்து பெட்டில் ஒருத்தர் மோசமாகிட்டிருந்தார். "காலையில பேசலாம் ஐயா"ன்னு சொல்லிட்டு நகர்ந்தேன். காலை அஞ்சு மணிக்கு இன்டுபேட் பண்ணினோம். அதுக்கப்புறம் அவர் பேசலை.

சம்மரியில் இது இல்லை. கேஸ் ஷீட்டிலும் இல்லை. எழுதலைன்னா உலகத்தில் யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். இதைச் சொல்லி அந்தம்மாவுக்கு என்ன ஆகப் போகுது, நோகத்தானே போறாங்கன்னு ஒரு பக்கம் தோணுச்சு. அது அவங்களுக்காகத் தோணினதா எனக்காகத் தோணினதான்னு இப்போ வரைக்கும் எனக்குச் சந்தேகம்.

சொல்லிட்டேன்.

திட்டுவாங்கன்னு இருந்தேன். ரொம்ப நேரம் மேஜையைப் பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "எந்தக் கையால காட்டினார்?"

வலது கைன்னு சொன்னேன்.

"அந்தக் கையில ஊசி குத்தியிருந்தாங்களே. தூக்க முடிஞ்சுதா?"

தூக்கினார்மான்னு சொன்னேன். தலையை ஆட்டினாங்க. என்னை மன்னிச்சாங்களான்னு எனக்குத் தெரியாது. அதைக் கேட்கவும் இல்லை.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, ஒரு வருஷம் முன்னாடி வந்த அந்த லிங்க்கைத் தேடி எடுத்தேன். முதல்ல 'டே ஒன்' டெமோ. அப்புறம் அந்த நாலு நிமிஷம். ஹெட்செட்டைக் கழட்டாம நண்பனைக் கூப்பிட்டு, "படத்துல கேட்டது இது இல்லையே, ஏதோ குறையுதே"ன்னு சொன்னேன். "வாடா மகனே, வா"ன்னு சிரிச்சான்.

மறுநாள் காலை ஓபி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்தம்மா வாசலில் நின்னாங்க. கூட ஒரு பையன், காலேஜ் படிக்கிற வயசு. அப்பா ஜாடை.

"தம்பி, இவனுக்கும் சொல்லுங்க. முதல் நாள்ல இருந்து."

கேஸ் ஷீட் ரெக்கார்டு செக்‌ஷனுக்குத் திரும்பிப் போயிருந்தது. மறுபடி எடுத்துட்டு வர ஆள் அனுப்பினேன்.