சேவல் வைத்த பெட்டி

எங்கள் வீட்டில் மூன்று கரி ஸ்திரிக்கைப் பெட்டிகள் இருக்கின்றன. மூன்றும் நான் தேடிச் சேர்த்தவை. முத்திரையும் நாணயமும் சேர்க்கும் என் தோழியர், மட்டக்குளிக்கு வந்தால் முதலில் இவற்றைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். ஆனால் நான் சேர்க்கத் தொடங்கியது ஆசையினால் அல்ல, ஒரு பிழையினால்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நோன்புக்கு முன்னர் வீட்டைத் துப்புரவாக்கும்போது, உம்மும்மாவின் கட்டிலுக்கடியில் கிடந்த பித்தளைப் பெட்டியைப் பழைய இரும்பு வாங்க வந்தவரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டேன். அதன் மூடியைப் பூட்டும் கொக்கி ஒரு சேவல் வடிவில் இருந்தது. காசை உம்மும்மாவிடம் நீட்டினேன். "போனது போகட்டும் மகள்" என்றார், அவ்வளவுதான். அப்பா மௌத்தான பிறகு, அந்தப் பெட்டியால் ஊரார் உடுப்புகளை மினுக்கித்தான் உம்மும்மா நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார் என்பதைப் பிறகுதான் உம்மா சொன்னார்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கசங்கிய வெள்ளைச் சீருடையோடு நான் நின்றேன். அந்தப் பெட்டியைப் பற்றி வீட்டில் எவரும் வாய் திறக்கவில்லை. அன்றுதான் தேடத் தொடங்கினேன்.

முதலாவது, புறக்கோட்டையில் பழைய சாமான் விற்பவரிடம் வாப்பா வாங்கித் தந்தது. வார்ப்பிரும்பு. கரி எரியக் காற்று வேண்டுமென்பதால் பக்கங்களில் வரிசையாகத் துளைகள். கைபிடி மரம், ஆனால் அதற்கும் மூடிக்கும் இடையில் தடுப்பு எதுவுமில்லை. பிடித்தால் விரல் மொளி சுடும். இரண்டாவதில் கைபிடிக்குக் கீழே ஒரு தகடு இருக்கிறது. பின்புறத்தில் சிறு கதவொன்றும் உண்டு. திறந்தால் காற்றுப் புகுந்து தணல் கூடும், மூடினால் குறையும். சில பெட்டிகளில் புகை துணியில் படாமலிருக்கப் புகைபோக்கியே வைத்திருந்தார்களாம். மின்சார ஸ்திரிக்கைக்கு நியூயோர்க்கில் ஹென்றி சீலி காப்புரிமை பெற்றது 1882இல். அதற்குப் பிறகும் பல தலைமுறைகளாக நம் வீடுகளில் சிரட்டைக்கரிதான் எரிந்தது. பெட்டிகளின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் யாரோ ஒருவரின் சுட்ட கை இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். உம்மும்மாவின் வலது கையிலும் அப்படியொரு தழும்பு இருக்கிறது.

மூன்றாவது போன மாதம் கிடைத்தது. பித்தளை, சேவல் கொக்கி. நெஞ்சு படபடக்க உம்மும்மாவின் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தார்.

"இது இல்ல மகள். என்ட சேவலுக்குக் கொண்டை உடைஞ்சிருந்திச்சு."

என் முகம் வாடியதைக் கண்டிருக்க வேண்டும். "சிரட்டைக்கரி கொண்டாங்க" என்றார். தணலைப் போட்டு, பெட்டியை முன்னும் பின்னும் வீசிக் கனலவைத்தார். வாழையிலையில் அடிப்பக்கத்தைத் தேய்த்தார். பிறகு என் சீருடையை விரித்தார். சாம்பல் துணுக்கொன்று வெள்ளைத் துணியில் விழுந்தது. நான் தட்டிவிடப் போனேன்.

"தேய்க்க வாணாம், கறுப்பாப் போகும். ஊதுங்க."

ஊதினேன். கறையில்லாமல் பறந்து போனது.

அந்தப் பெட்டி இப்போது உம்மும்மாவின் கட்டிலுக்கடியில் இருக்கிறது. கொண்டை உடைந்த சேவலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.